மடுவுக்குப் போன வாரம்

பீல், சுவிஸ், 6 யூலை 2025

அன்புள்ள தவச்செல்வன் அண்ணைக்கு,

கடல் குப்பையை மறிக்க நாங்கள் செய்த மிதப்பு வேலி கொழும்புக்கு வந்துவிட்டதாம். பேசாலைக் கடலில் அதை இறக்கும்போது நான் பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை. பீல் ஏரியில் ஒரு போத்தலைக்கூடத் தப்பவிடாமல் மறித்தது. ஆனால் ஏரியில் அலையுமில்லை, அவ்வளவு பிளாஸ்டிக்கும் இல்லை. நாள்தோறும் அள்ளுங்கள். நிரம்பினால் பாரம் இழுத்து நங்கூரம் கிளம்பிவிடும்.

வேலி மாரி வரை நின்றுபிடித்தால் கம்பனிக்காரர் என்னை இரண்டு வருடம் அங்கேயே வேலைக்கு அனுப்புவார்கள். எனக்கென்று கட்டுகிற அறைக்கு நீலம் பூசச் சொல்லுங்கள் அண்ணியிடம்.

ஓகஸ்டில் இங்கே அம்மாவுக்கு ஒப்பரேசன். மடு மாதா திருநாளுக்கு எல்லாரும் போய் மெழுகுதிரி கொளுத்துங்கள்.

பாசமுள்ள,
மேர்சி

பேசாலை, 19 ஓகஸ்ட்

தங்கச்சி மேர்சி,

அம்மா கண் விழித்தாள் என்று நீ போனில் சொன்னதும் அழுதுவிட்டேன்.

நீ சொன்னபடி மடுவுக்குப் போனோம். நாங்கள் மட்டுமா, ஊரே போனது. கூடாரத்தில் படுத்திருக்கும்போதே சோளகக் காற்று உரக்கிறது என்று தெரிந்தது. மாதாவை விட்டு எழும்பி வர மனம் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், வேலி குப்பையோடு கிளம்பி, கிஷோபன் மச்சான் கடலில் நட்டிருந்த வலையை அடியோடு வழித்துக் கிழித்துப் போட்டிருக்கிறது.

"உன்ர தங்கச்சியின்ர குப்பை எனக்கு எதுக்கடா?" என்று சந்தியில் வைத்துக் கேட்டான்.

அண்ணன்

பீல், 1 செப்டெம்பர்

அன்பு அண்ணை,

நாள்தோறும் அள்ளுங்கள் என்றும் மடுவுக்குப் போங்கள் என்றும் ஒரே கடிதத்தில் எழுதியவள் நான். அந்த வாரம் நம் கரையில் காகம்கூட இருக்காது என்று எனக்குத் தெரியாதா? காற்றுக்குக் கணக்குப் போட்டேன், அலைக்குப் போட்டேன், பெருநாளை நினைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது நிரம்பினால் தானே திறக்கும் கதவு வைக்கிறோம். பிடித்த குப்பை திரும்பக் கடலுக்குத்தான் போகும், ஆனாலும் வேலி நிற்கும். மச்சானுக்கு நானே வந்து வலை வாங்கிக் கொடுப்பேன். ஊர் இன்னொரு தரம் சம்மதித்தால் போதும். கேட்டு எழுதுங்கள் அண்ணை.

மேர்சி

பேசாலை, 22 செப்டெம்பர்

தங்கச்சி,

நேற்றுப் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் கூட்டம் வைத்தோம். இனி வேலி வேண்டாம் என்று முடிவு. நானும் அதற்குக் கை உயர்த்தினேன். பிறர் வாயால் நீ அறியக்கூடாது என்று நானே எழுதுகிறேன். இந்த ஆட்களோடுதான் நான் கடலுக்குப் போகவேண்டும், மேர்சி.

கரை பழையபடி போத்தலும் பையுமாய்க் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது.

நத்தார்ப் பெருநாளுக்கு வா. வேலையைக் கொண்டுவராதே, சும்மா வா. அறைக்கு அண்ணி நீலம் பூசி முடித்துவிட்டாள். இப்போதைக்கு அதற்குள் கிஷோபனின் கிழிந்த வலையைப் போட்டு, அவனும் நானும் பொத்திக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அண்ணன்