ராஜியில் என் கையெழுத்து

இன்று ஊரப்பாக்கத்தில் முடி வெட்டப் போனேன். கடைக்காரர் துணியை உதறி என் கழுத்தில் கட்டினார். பவுடர் வாசனை வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

சதுரங்கப்பட்டினம் சலூனில் அன்று எனக்கு முன்னால் நீ உட்கார்ந்தாய். மறுநாள் செங்கல்பட்டில் இருவருக்கும் வேலைக்கு இன்டர்வியூ. பாதி வெட்டியிருந்தபோது, வாசலில் நின்ற யாரோ நாம் எந்தத் தெரு என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் துணியை உருவிக்கொண்டார். "உங்க தெரு ஆளுங்களுக்கு இங்க வெட்றதில்ல, எழுந்திரு." பெஞ்சில் காத்திருந்த என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவமானத்தில்கூட நீதான் எனக்கு முந்தினாய்.

அதே பாதித் தலையோடு ஸ்டேஷனுக்குப் போனாய். தீண்டாமைக் குற்றம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் இன்டர்வியூவுக்கும் அப்படியே வந்தாய். வேலை எனக்குக் கிடைத்தது, பேர் உனக்கு. தெருவே உன்னைப் பார்க்க வந்தது. "அவனுக்குத்தாண்டா ரோசம் கீது" என்றாள் என் அம்மா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனுக்கு என்னை மட்டும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். "ரெண்டு பேர்ல நீதாம்பா வெவரமானவன். ராஜியா போயிடு, சட்டத்துலயே எடம் கீது" என்றார் ஏட்டு. உன்னைவிட என்னை ஒருவர் உயர்த்திச் சொன்னது அதுதான் முதல் தடவை. நடந்தது வெறும் வாய்த்தகராறு என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு உன்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்; நீ மறுத்துவிட்டு கோர்ட்டுக்குப் போனாய். சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடியானது.

என் சட்டையைப் பிடிப்பாய் என்று காத்திருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "உம் மேல கோவமில்ல மச்சான். மாடு மேஞ்ச தகராறுன்னா ராஜி ஆவலாம். மனுசனே இல்லன்னு எழுப்பி வுட்டதுக்கு இன்னா ராஜி? அதுக்கு எடம் குடுக்குதே, அந்தச் சட்டத்த மாத்தணும்." அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு அப்படியொரு கோபம் வரவே இல்லையே!

டில்லிக்கு மனு மேல் மனு போட்டாய். சில வருடங்களில் சட்டம் மாறியது. இந்தக் குற்றத்துக்கு இனி ராஜி கிடையாது, ஜெயில் கட்டாயம். உன் மனுவால்தான் மாறியதா, தெரியாது. பேப்பரோடு ஓடிவந்து முதலில் என்னிடம்தான் படித்துக் காட்டினாய்.

நீ போய்விட்டாய். பொறாமை இன்னும் போகவில்லை. அந்தச் சட்டம் மேல்தெருக்காரர்களை அடக்க வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் கையைப் பிடித்து நிறுத்தவும்தான் அது வேண்டியிருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், ஏட்டு எனக்கு நாற்காலி போட்டிருக்க மாட்டார். நான் உன் சாட்சியாகவே இருந்திருப்பேன்.