வடகரைப் பிள்ளையின் ஒரு மார்க்

இன்று காலை விடுதித் தேர்வுக்கான கேள்வித்தாள்கள் சைக்ளோஸ்டைல் இயந்திரத்திலிருந்து ஈரம் காயாமல் என் மேசைக்கு வந்தன. அந்த மை வாசனை உன்னைக் கொண்டுவந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நாம் இருவரும் தென்காசி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். ஐந்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்களை இலவச விடுதிக்குத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வு தயாரிக்கச் சொன்னார்கள். அதுவரை சிபாரிசு உள்ளவர்களுக்கே இடம் போய்க்கொண்டிருந்தது. நம் தேர்வு அதை நிறுத்தும் என்று எனக்கு ஒரே கர்வம். முதலில் ஒத்திகையாக வாசுதேவநல்லூரில் ஒரே பிள்ளைகளுக்கு அதே தேர்வை இரண்டு முறை வைத்துப் பார்த்தோம். மார்க்குகள் மேலும் கீழும் நகர்ந்திருந்தன. எவ்வளவு நகர்கின்றன என்று கணக்குப் போட்டவள் நான்தான். ஒன்றிரண்டு மார்க்கை நம்பி யாரையும் பிரிக்க முடியாது என்பது எனக்கு அன்றே தெரியும்.

பிறகு நிஜத் தேர்வுக்கு வடகரையிலிருந்து செல்லம்மாள் என்ற பிள்ளை வந்து எழுதினாள். ஒரு மார்க்கில் இடம் போயிற்று.

"அவளுக்கு இன்னொரு தடவ வைப்போம்ட்டி," என்றாய். "ஒரு நாள் காலையில எழுதுனத வச்சு ஒரு பிள்ளைய அளந்துட்டோம்னு எப்படிச் சொல்லுத?"

"ஒருத்திக்கு வளைஞ்சா நாளைக்குச் சிபாரிசுக் கடுதாசியோட வரிசையா வந்து நிப்பாங்க," என்றேன்.

நீ விடவில்லை. தேர்வுக் குழுவின் முன்னாலேயே கேட்டாய். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்குப் பாத்தது நீங்கதானம்மா. இந்த ஒரு மார்க்கு வித்தியாசம் நெசந்தானா?"

"நெசந்தான்," என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

உன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்று நீ வடகரைக்குப் போனாய். அதற்குள் அவளைக் கொல்லத்து முந்திரி ஆபீசுக்குக் கொட்டை உடைக்க அனுப்பிவிட்டிருந்தார்கள். திரும்பி வந்து அதை மட்டும் சொன்னாய். மறுநாள் எப்போதும்போல எனக்கும் சேர்த்துப் புளியோதரை கொண்டுவந்தாய்.

சாரல் காலத்தில் குற்றாலம் போனோம். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் அருவிக்கு அடியில் நின்றபடி, "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"என்னட்டி சொல்லுத? கேக்கலயே!" என்று கத்தினாய்.

"ஒண்ணுமில்ல," என்றேன். கேட்காது என்று தெரிந்துதான் அங்கே சொன்னேன்.

அந்தத் தேர்வைக் காட்டித்தான் எனக்குச் சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. திரும்பி வந்து இப்போது அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஒன்றிரண்டு மார்க்கில் தவறும் பிள்ளைகளுக்கு மறுதேர்வு உண்டு என்று விதியும் எழுதிவிட்டேன். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது நீ சொன்னது என்று அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் வடகரைக்குப் போனேன். பொங்கலுக்குச் செல்லம்மாள் ஊருக்கு வரும்போதெல்லாம் நீ புத்தகங்களோடு போய் அவளுடன் உட்கார்ந்திருப்பாயாம். அவள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

"இந்த வருசம் டீச்சர் வரலியே, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நீங்க அவுகளுக்கு யாரு?" என்றாள்.

சிநேகிதி என்று சொல்லவில்லை. "கூட வேல பாத்தவ," என்றேன்.

செல்லம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். வரும் பொங்கலுக்கு அவள் வருவாள். போக வேண்டும். அன்று "நெசந்தான்" என்று சொன்னவள் நான் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும், சத்தமில்லாத இடத்தில்.