வெட்டாத வீடியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

உங்கள் பணி ஓய்வு விழா வீடியோ வந்து சேர்ந்தது. பெரிய ஃபைல் என்று தங்கை ஒரு லிங்க் அனுப்பினாள். "என் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா உனக்கு வருது, முடியற வரைக்கும் பிரவுசர்ல ரெண்டு பேரும் அந்த லிங்க்கைத் திறந்தே வச்சிருக்கணும், மூடித் தொலைச்சிடாதே" என்றாள். நடுவில் நெட் போய்விட்டது. போச்சுடா என்று நினைத்தேன். நல்லவேளை, திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்தே இறங்கியது.

அறை நண்பர்களையும் கூப்பிட்டுப் பெருமையாகப் போட்டேன். மேடையில் உங்களை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பரிசு வாங்க வலது கை மட்டும்தான் நீண்டது. வீடியோவை அங்கேயே நிறுத்தினேன். உடனே தங்கையை அழைத்தேன்.

"பக்கவாதம்ணா. மூணு மாசமாச்சு. அது தெரியாதபடி சின்னதா வெட்டி உனக்கு அனுப்பச் சொன்னார் அப்பா. இனிமே மறைக்க என்னால முடியல" என்று அழுதாள்.

அவளைத் திட்டாதீர்கள். வாராவாரம் பேசினோமே அப்பா, முகத்தை மட்டும் காட்டிச் சிரித்தீர்களே! போனில் பேசினால் உடைந்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இனி போனை மேசையில் தள்ளி வைத்துப் பேசுங்கள், முழுதாகத் தெரியட்டும். மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பத் தங்கையிடம் சொல்லுங்கள். லீவு கேட்டுவிட்டேன், வராதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகன்