நடத்தை: மிக நன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தைச் சாரத்தின் மேல் நின்றுகொண்டு படிக்காதீர்கள். கீழே இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

உங்களுக்கு இதை எழுதவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். "பதினோராவது மாடியில நிக்கிற மனுஷன் கால் வைக்கிற எடத்தப் பாப்பாரா, இதையே நெனச்சுக்கிட்டிருப்பாரா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் இனி ஒன்றும் நடக்காது என்று ஆகிவிட்டது. இன்று விடுமுறை. அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

நம் உதவி அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. அட்டையோடு மாதாமாதம் வந்த அரிசியும் பருப்பும் போயின. நம் சின்னவள் சில்வண்டுக்குப் பள்ளியில் கிடைத்த மதியச் சாப்பாடும் பாலும் போயின. காரணம் நான். என்னைத் திட்டுவதாக இருந்தால் இந்த இடத்திலேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

அந்த அட்டைக்கான கணக்கெடுப்புப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், நல்ல கையெழுத்தில். வீட்டிலுள்ள பொருள்களுக்கு நேராக ஆம், இல்லை என்று கட்டங்கள் இருந்தன. கார் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் இல்லை. ஃபிரிட்ஜ் என்று வந்ததும் பேனா நின்றது. திரும்பிப் பார்த்தேன், சுவரோரம் அது நின்றுகொண்டிருந்தது. இடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து நீங்களும் உங்கள் கூட்டாளியும் தோளில் சுமந்து வந்தீர்களே, அதேதான். மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கே கிடந்த தடிமனான அகராதியை எனக்குக் கொண்டுவந்தீர்கள். கரையானுக்கு இதுக்குள்ள வழியே கிடையாது என்று சொல்லி, உள்ளே பலகை வைத்து, என் புத்தகங்களை நீங்களே அடுக்கினீர்கள்.

படிவத்தில் உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். உள்ளது. ஆம் என்று போட்டேன். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு உதவி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது என்றுதானே ஒன்பது வருடமாகப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். அது ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு அத்தை இல்லை என்று போட்டார்களாம். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் லாரி மாதிரி உறுமும், உங்களுக்கே தெரியும். கணக்கெடுக்க ஆள் வந்த அன்று அதன் மேல் போர்வையைப் போர்த்தி, துணி மூட்டையை ஏற்றி, உறுமல் கேட்காமலிருக்க ரேடியோவை அலறவிட்டிருக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலே போதும், அது அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் ஆம் என்று எழுதியதைக் கேட்டதும், "படிச்சுப் படிச்சு வீட்டுக்கே வேட்டு வெச்சுட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சாயங்காலம் சில்வண்டுக்கு அரை டம்ளர் பால் அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் வருகிறது. எனக்கு அத்தை மேல் துளியும் கோபம் இல்லை. உண்மை எழுதிய வீட்டுப் பிள்ளை பொய் எழுதிய வீட்டுப் பாலைக் குடிக்கும்படி செய்தவர்கள் மேல்தான் கோபம்.

அட்டை ரத்தானதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலில் தெரிந்தது சில்வண்டுக்குத்தான். வழக்கம்போலக் கை கழுவிவிட்டுத் தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் முறை வந்தபோது பட்டியலில் அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. சமையல்கார அக்கா கரண்டியில் எடுத்தேவிட்டார். பட்டியலை வைத்திருந்த வகுப்பு ஆசிரியை வேண்டாம் என்று கையைக் காட்டினார். கரண்டி மறுபடி அண்டாவுக்குள் போய்விட்டது. சமையல்கார அக்காவே என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். நம் பெண் அழவில்லையாம். குழாயடிக்குப் போய்த் தட்டைக் கழுவி, மற்ற தட்டுகளோடு அடுக்கி வைத்துவிட்டு வந்தாளாம். சாப்பிடாத தட்டை எதற்கு அப்பா கழுவ வேண்டும்?

இப்போது இருப்பதை டப்பாவில் போட்டு நான் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாள் இருந்தால் மூன்றாம் நாள் இருப்பதில்லை. டப்பா இல்லாத நாளில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். என் பள்ளி தெருவுக்கு அந்தப் பக்கம். மணி அடித்ததும் ஓடிப்போய் அவளோடு உட்காருவேன். அண்டாவைத் திறந்தால் வாசனை அந்தப் படிவரைக்கும் வருகிறது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு நல அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். பார்வையிட ஒருவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு வாசலிலேயே நின்று எட்டிப்பார்த்தார். நான் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காட்டினேன். மேல்தட்டில் அகராதி, நடுவில் பாடப்புத்தகங்கள், காய்கறி வைக்கும் இழுப்பறையில் சில்வண்டின் சீருடை. பின்பக்கம் மோட்டார் இருந்த இடம் வெறும் ஓட்டை, வந்து பாருங்கள் சார் என்றேன். பெட்டி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்றார். இருக்கு என்றேன். மறுபடியும் டிக் அடித்துக்கொண்டு போய்விட்டார். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

தூக்கித் தெருவில் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். போட்டால் மறைத்ததாகக் கேஸ் எழுதுவார்களாம். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் சொன்னார். அது ஓடாது என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் சான்று வாங்கி வரச் சொன்னார். மெக்கானிக் அண்ணன் வந்தார், பின்பக்கம் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "செத்துப்போன ஆளுக்குக் காய்ச்சல் இல்லன்னு எழுதிக் கேக்குறானுங்களே" என்றார். அம்மாவும் சிரித்தாள். இந்த இரண்டு மாதத்தில் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான். சான்றை அவர் சும்மாவே எழுதிக்கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு போனோம். காத்திருந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறையை முழுக்கப் படித்தேன். ஏழாவது பத்தியில், பயன்பாட்டில் உள்ள பொருள்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அச்சடித்தே இருக்கிறது. அதை நோட்டில் எழுதிக்கொண்டுபோய்க் கண்ணாடிக்காரரிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, அதெல்லாம் படிக்கிறதுக்கா ஒட்டியிருக்கோம்?" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்த நோட்டால் அவர் மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், மோட்டாரைக் கழற்றியவர் குடும்பத் தலைவர் என்பதால் அவர் கைப்பட உறுதிமொழி வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உண்மையில் எழுத வந்தது.

பால்வாடியில் இருந்தபோது நம் சின்னவள் மத்தியானமெல்லாம் தூங்கி வழிவாள், நினைவிருக்கிறதா? பள்ளியில் சேர்ந்து, மதியச் சாப்பாடு கிடைத்து, மூன்றே மாதத்தில் வாய் திறந்துவிட்டது. சில்வண்டு என்று நீங்கள் பெயர் வைத்ததே அப்போதுதான். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள், வீட்டில் கண்டிக்கவும் என்று ஆசிரியை தேர்ச்சி அட்டையில் எழுதி அனுப்பினார். நீங்கள் அதைத் தெருவெல்லாம் காட்டிச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்.

இந்த முறை தேர்ச்சி அட்டை வந்திருக்கிறது. அதே ஆசிரியை. நடத்தை: மிக நன்று. முன்போல் பேசுவதில்லை. அமைதியான குழந்தையாக மாறியிருக்கிறாள். பாராட்டுகள்.

பாராட்டுகள் என்று எழுதியிருக்கிறார் அப்பா. கரண்டியைத் திரும்பப் போடச்சொன்ன அதே கையால். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளை பசியில் வாய் மூடியிருப்பதை நல்ல குணம் என்று நினைத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு வரைந்திருக்கிறார். மாதாமாதம் வரும் நர்ஸ் எடை பார்த்து, ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, சத்தாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒருவர் எடை பார்க்கிறார், ஒருவர் டிக் அடிக்கிறார், ஒருவர் நட்சத்திரம் போடுகிறார். ஒருவர் தாளை இன்னொருவர் படிப்பதே இல்லை.

அந்த அட்டையில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

உறுதிமொழித் தாளில் நீங்கள் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் இங்கே வந்துசேர வேண்டும். மோட்டாரை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அகராதிக்கு என்றே எழுதுங்கள். நாம் வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

வழக்கம்போல் சில்வண்டுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எப்போதும் எனக்கே இடம் வைக்காமல் ஓரமெல்லாம் எழுதி நிரப்பிவிடுவாள். இன்று பென்சிலைக் கொடுத்தேன். நாளைக்கு எழுதுறேன்க்கா என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டாள். மணி மத்தியானம் இரண்டு. அவள் எழுதும்வரை காத்திருந்தால் தேதி போய்விடும், அதனால் அந்த இடத்தை வெறுமையாகவே அனுப்புகிறேன்.

இடுப்புக் கயிற்றை மாட்டாமல் மேலே ஏறாதீர்கள். அடுத்த தேர்ச்சி அட்டையில் நம் பெண்ணின் நடத்தை மோசம் என்று எழுதி வர வேண்டுமென்று அங்கிருந்தே ஆசீர்வாதம் செய்யுங்கள். அதை வாங்கி நீங்களே கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிய
உங்கள் மூத்த மகள்