ஐந்து ஸ்பீக்கருக்கு ஒரு ரிசீவர்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணியெல்லாம் உள்ளே கொடியில்.

முதலில் ஒன்றைத் திருத்தி எழுதிவைக்க வேண்டும். நான் மருமகனை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. சர்ச் வாசலில் இரண்டு பேர் கேட்டாயிற்று. மீன் வண்டி அருகில் ஒருவர். இன்று பக்கத்து வீட்டு ஆக்னஸ், சுவருக்கு மேலே தலையை நீட்டி: "என்ன டோரத்தி, மாப்பிள்ளைய வெளிய தள்ளிட்டியே, ஒரு ரேடியோவுக்காக?"

ரேடியோவும் இல்லை, தள்ளவும் இல்லை. அது ரிசீவர். டி.வி.யின் சத்தத்தை வாங்கி ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. கடைசியாக அதைத் தொட்டவர் செல்வம், என் மகள் ஷீலாவின் கணவர். நான் சொன்னது ஒரே வாக்கியம். "உங்க கை பட்டதுலதான் போச்சு." அவர் எழுந்துபோய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஐந்து மாதம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஷீலா மட்டும் வருகிறாள். "அவருக்கு டியூட்டிம்மா." ஹெப்பகோடியில் எந்த ஃபாக்டரியில் ஐந்து மாதமாக எல்லா ஞாயிறும் டியூட்டி? நான் கேட்பதில்லை. மூன்று மணிக்குக் கிளம்பிவிடுகிறாள். முன்பெல்லாம் மூன்று மணிக்குத்தான் படம் ஆரம்பிக்கும்.

ஸ்பீக்கர்கள் என் கணவர் பெர்னார்ட் வாங்கியவை. ஒவ்வொரு போனஸுக்கும் ஒன்று. அவர் போய் ஏழு வருடம். இப்போது ஐந்தும் கூடத்தில் வாய் மூடி நிற்கின்றன, தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி.

முடிவு: கிறிஸ்துமஸுக்கு முன் புது ரிசீவர். நானே பார்த்து, நானே வாங்கி, நானே மாட்டுவேன். உச்சவரம்பு முப்பத்திரண்டாயிரம். ஷீலாவிடம் கேட்பதில்லை. மருமகனைக் கேட்கும் பேச்சே இல்லை.

கேஸ் புக் செய்ய. கேக்குக்குத் திராட்சை ரம்மில் ஊறுகிறது.

நவம்பர் 19, புதன்

வெயில், ஆனால் பல்லில்லாத வெயில். ஸ்வெட்டர் போட்டேன்.

ஸ்பீக்கர்களின் முதுகை டார்ச், பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஐந்தும் ஆறு ஓம், மின்தடைக் கணக்கு. இது முக்கியம். ரிசீவர் ஆறு ஓமைத் தாங்க வேண்டும், எட்டு மட்டும் என்றால் கூடாது. பெர்னார்டின் ஃபைலில் எல்லாம் இருக்கிறது. மனிதர் சட்டைப் பொத்தானைத் தொலைப்பார், ரசீதைத் தொலைக்க மாட்டார்.

ஷீலா ஃபோன். "சவுண்ட்பார் ஒண்ணு வாங்கிக்கோயேம்மா. ஒரே ஒயரு. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"
"அப்பாவோட ஸ்பீக்கரெல்லாம் எங்க போகும்?"
"ஓல்டாயிடுச்சும்மா எல்லாம்."
"நானும்தான்."
சிரித்தாள். பின்னால் செல்வம் இருமுவது கேட்டது. வீட்டில்தான் இருக்கிறார், புதன்கிழமை பகலில். ஷிஃப்ட் இரவாக இருக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை:
எத்தனை சானல், அதாவது எத்தனை ஸ்பீக்கருக்கு. ஐந்து போதும்.
ஆறு ஓம் தாங்குமா, எழுத்தில் உண்டா.
வாட் எவ்வளவு, எத்தனை சானல் ஒன்றாக ஓடும்போது.
எச்.டி.எம்.ஐ. துளை குறைந்தது மூன்று.
வாரண்டி யார் தருவது, கம்பெனியா கடைக்காரரின் வாய் வார்த்தையா.
பழையதை எடுத்துக்கொள்வார்களா.

பி.பி. மாத்திரை தீர்கிறது.

நவம்பர் 20, வியாழன்

எஸ்.பி. ரோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. ஆட்டோவில் போக ஒரு மணி நேரம். சாம்பல் நிறப் புடவை, மூடிய செருப்பு, கைப்பையில் பட்டியல்.

மூன்று கடை ஏறினேன். முதல் இரண்டில் என்னைப் பார்த்ததும் ஹியரிங் எய்ட் எதிர்க்கடை என்று கை காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் நாற்காலி போட்டார். சேலத்துக்காரர், கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில்.

"பன்னி மேடம், வாங்க வாங்க, உக்காருங்க. இத பாருங்க, ஆயிரம் வாட். ஆன் பண்ணா பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துடுவாங்க."
"வந்தா காபி யார் போடறது? ஆயிரம், எத்தன சானல் ஓடும்போது?"
"எல்லாம் சேர்த்து, மேடம்."
"அப்ப ஒண்ணுக்கு எவ்வளவு? எத்தன ஓமுல?"
பேனாவால் காதைச் சொறிந்தார். "மேடம், நீங்க டீச்சரா?"
"செக்ரட்டரி. முப்பத்தோரு வருஷம். கேட்டதுக்குப் பதில்."

அதற்குப் பிறகு மரியாதை. உள்ளே போய் நிஜமான கேட்டலாக்கை எடுத்து வந்தார்.

அ. பத்தொன்பதாயிரம். ஸ்பீக்கரோடு வரும் செட். அதன் ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்தேன், பிஸ்கட் டப்பா. வேண்டாம்.
ஆ. ஐம்பத்துநாலாயிரம். ஏழு சானல். என்னிடம் ஐந்துதான். ஆள் வராத பந்தியில் இரண்டு இலை கூடப் போடுவானேன்.
இ. முப்பத்துமூவாயிரத்து ஐந்நூறு. ஐந்து சானல், ஆறு ஓம் என்று அச்சிலேயே இருக்கிறது, எச்.டி.எம்.ஐ. நான்கு, கம்பெனி வாரண்டி. ஒலியை அளந்து சரிசெய்ய ஒரு சின்ன மைக்கும் கூட.

இ-தான். ஆயிரத்து ஐந்நூறு அதிகம். பழையதைக் கொண்டுவந்தால் இரண்டாயிரம் கழிப்பாராம், "பார்ட்ஸுக்கு ஆகும் மேடம்."

நாளை கொண்டு போகிறேன். திரும்பி வரும்போது கால் வலி, ஆனால் மனம் லேசு. முப்பத்தோரு வருட வேலை இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மேகமூட்டம்.

பின்னால் கையை விட்டு ஒயரையெல்லாம் தடவியே உருவி, பழைய ரிசீவரைப் போர்வையில் சுற்றி, ஆட்டோ ஓட்டுநரைத் தூக்கச் சொன்னேன். "ஏனு அம்மா இது, அம்மிக்கல்லா?" என்றார். வழியெல்லாம் அதே கேலி.

கடைக்குப் பின்புறம் ரிப்பேர் மேஜை. ரஃபீக் பாய் என்று ஒரு மெக்கானிக், வெள்ளைத் தாடி, என் வயதிருக்கும். மூடியைக் கழற்றினார். விளக்கைச் சாய்த்தார்.

"அரே அல்லா. அம்மா, இங்க வாங்க. எறும்பு ஒரு ஊரே கட்டிருக்கு உள்ள."

பார்த்தேன். போர்டு முழுக்கச் செத்த எறும்பு, கறுப்பாக, குவியல் குவியலாக.

"மேல ஸ்வீட் கீட் வெச்சீங்களா? ஜாமூன் கீமூன்?" மூடியைத் திருப்பி நகத்தால் சுரண்டினார். பழுப்பாக, கண்ணாடி மாதிரி உரிந்தது. "சர்க்கரை அம்மா இது. சூட்டுல இளகி, இந்த ஓட்டை வழியா எறங்கிருக்கு. ஓட்டையும் அடைச்சுப் போச்சு. மூச்சு விட முடியாம சூடாகி, எறும்பும் சேந்து, கதம்."

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேடம், லட்டு ரிசீவர்!"

நான் சிரிக்கவில்லை. மூடியின் மேல் அந்தப் பழுப்பு ஒரு வடிவமாக இருந்தது. எட்டு இதழ், நடுவில் வட்டம், ஓரத்தில் விசிறி விசிறியாக. அந்த டிசைனை நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னுவேன்.

கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுத்தந்தது. குரோஷா விரிப்பைச் சர்க்கரைப் பாகில் முக்கி, பலகையில் ஊசி குத்தி விறைப்பாகக் காயவைப்பது. கஞ்சியை விடச் சர்க்கரைதான் நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும். ஃபிரிட்ஜ், டி.வி., தையல் மெஷின், எல்லாவற்றின் தலையிலும் ஒன்று. கூடத்தில் ஒரு பெட்டி மொட்டையாக நிற்பது அழகா?

"யாரும்மா இதுமேல பாகு ஊத்துனது?" ரஃபீக் பாய்.

"வீட்டுல யாராச்சும் ஊத்திருப்பாங்க" என்றேன்.

தனியாக இருப்பவள் நான்.

இரண்டாயிரம் கழித்தார்கள், சொன்ன வார்த்தை மாறாமல். பணம் கட்டினேன். திங்கள் வீட்டுக்கு வரும். மூடியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். "எதுக்கு மேடம்?" போர்வையில் சுற்றிக்கொண்டேன்.

நவம்பர் 22, சனி

குளிர். மாலை சர்ச்சில் பாவசங்கீர்த்தனம்.

ரஃபீக் பாயிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். ஃபாதர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் கொடுத்தார். ஜூன் மாதத்தைச் சொல்லவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொல்வது சுலபம். அது வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியது.

செவ்வாய் எழுதியதில் பிழை. ஒரே வாக்கியம் என்று எழுதியிருக்கிறேன். சரியான வரிசை இது.

படம் ஓடுகிறது. செல்வம் எழுந்து போய் ரிசீவரைத் தொட்டுப் பார்த்தார். "அத்தை, மேல இருக்கற துணிய எடுத்துடட்டுமா? கை வெச்சா சுடுது" என்று விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். அதே நொடியில் சத்தம் நின்றது. அப்போது நான்: "உங்க கை பட்டதுலதான் போச்சு." அதோடு நிறுத்தவில்லை. "இது ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு. ஹெப்பகோடி ஒர்க்‌ஷாப் இல்ல, அழுக்குக் கைய எல்லாத்துலயும் வெக்கறதுக்கு."

ஆக்னஸ் இருந்தாள். ஷீலாவின் மாமனார் மாமியார் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர். சோப்பு வாசனை எனக்கே வந்தது.

இன்று பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைக்க அரை மணி.

நவம்பர் 24, திங்கள்

பெட்டி வந்தது, பதினொரு மணி. ஒரு கீறல் இல்லை.

மேனுவல் முழுதும் படித்த பிறகே ஒயரில் கை வைப்பது. ஒன்பதாம் பக்கம்: மேலே துணி விரிக்கக் கூடாது என்று படம், படத்தின்மேல் குறுக்குக் கோடு. பெர்னார்டின் ஃபைலில் பழைய மேனுவலை எடுத்தேன். அதிலும் அதே படம். பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். என் டிக். படித்த பக்கத்துக்கெல்லாம் நான் போடுவது. டிக் போட்டால் படித்ததாகாது என்று எத்தனை ஜூனியர்களை அழவைத்திருப்பேன்.

அலமாரியை நகர்த்திப் பின்னால் குனிந்தேன். ஒயர்கள் செல்வம் போட்டவை, பெர்னார்ட் போன அடுத்த வருடம். ஒவ்வொன்றின் முனையிலும் காகித டேப், நீல மையில் அவர் கையெழுத்து. பள்ளிக்கூடத்துக் கொட்டை எழுத்து.

முன் இடது.
முன் வலது.
நடு, பேச்சு.
பின் இடது.
பின் வலது, அத்தை காது.

டார்ச்சைப் பிடித்து அதை மறுபடி படித்தேன். என் வலது காது மந்தம். நான் யாரிடமும் சொன்னதில்லை, ஷீலாவிடம்கூட. பின் வலது ஸ்பீக்கர் மட்டும் என் நாற்காலிக்கு ஒரு முழம் நெருக்கமாக இருக்கும். ஏன் கோணலாக வைத்தீர்கள் என்று அன்று அதட்டினேன். "ஒயர் நீளம் பத்தல அத்தை" என்றார்.

ஒயர் அங்கேயே சுருட்டிக் கிடக்கிறது. இன்னும் இரண்டு கெஜம் மிச்சம்.

ஐந்தையும் நானே மாட்டினேன். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். மைக்கை என் நாற்காலியில் வைத்தேன், ரிசீவர் அளந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கராக விசில் அடித்தது, வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டது போல. ஐந்தும் ஆஜர். மாலைச் செய்தியில் ஒரு சொல் விடாமல் கேட்டது. தேர்வு சரி. இ-யைத் தவிர வேறு எதை வாங்கியிருந்தாலும் தப்பு.

மேலே விரிப்பு இல்லை. மொட்டையாகத்தான் நிற்கிறது. பழகிவிடும்.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில் நன்றாக அடிக்கிறது. ஃபிரிட்ஜ், டி.வி., தையல் மெஷின் மேலிருந்த விரிப்புகளையும் வெந்நீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் தித்தித்திருக்கும்.

ஆக்னஸ், சுவருக்கு மேலே: "சத்தம் கேட்டுதே நேத்து! மாப்பிள்ள வந்து மாட்டிக் குடுத்தாரா?"
"நான் மாட்டினேன். ஒயர் அவர் போட்டது."
"அப்ப அவர வெளிய தள்ளினது?"
"தள்ளினேன். கையாலதான் இல்ல."
அடுத்த கேள்வி கேட்காமல் தலையை இழுத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் முதல் தடவை.

கடிதம். இரண்டு முறை கிழித்தேன். முதலாவது "நீங்கள் ஐந்து மாதமாக வராததால்" என்று ஆரம்பித்தது, குற்றம் அவர் தலையில். இரண்டாவது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நான் மன்னிப்புக் கேட்டால் ஆபீஸ் கடிதம் மாதிரி வருகிறது, யாருக்கும் வலிப்பதில்லை. மூன்றாவது தமிழில். நகல் இங்கே.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரிசீவர் கெட்டது உங்கள் கையால் அல்ல. என் விரிப்பில் இருந்த சர்க்கரையால். மூடியை இத்துடன் அனுப்புகிறேன், டிசைனை ஷீலா அடையாளம் காட்டுவாள். துணியை எடுக்கச் சொன்னீர்கள். அது சரி. நான் சொன்னது தவறு. உங்கள் பெற்றோர் முன் சொன்னது அதைவிடத் தவறு. அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

புது ரிசீவர் வாங்கி, நானே மாட்டி, ஐந்து ஸ்பீக்கரும் வேலை செய்கின்றன. ஆகவே வேலைக்காக உங்களைக் கூப்பிடவில்லை. 30ஆம் தேதி ஞாயிறு, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குப் படம். படத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

பின் வலது ஸ்பீக்கரை நான் நகர்த்தவில்லை.

வருவீர்களா, மாட்டீர்களா என்பதை ஷீலாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். இரண்டில் எதுவானாலும் உங்கள் கைப்பட எழுதி அனுப்பவும்.