நெவென்காவின் கடைசிக் காட்சியும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும்

ரியேகா,
பிப்ரவரி, ஞாயிறு

அன்பு மகள் துன்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்குச் சுகம் என்று பெயரென்றால் இங்கே சுகம்தான். ஹாலிஃபாக்ஸ் பனியில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும். போனில் நீ எத்தனை கேட்டாலும் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறேன், உனக்குக் கோபம் வருவது தெரிகிறது. பேசினால் வாய் வரவில்லை, எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

அம்மாவுக்கு வலது கை இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. கால் பரவாயில்லை, கைத்தடியோடு சமையலறை வரைக்கும் வருகிறாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பேச்சு திரும்புவது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார். திரும்பிய பேச்சை வைத்துக்கொண்டு அவள் தண்ணி, போதும், ஜன்னலைச் சாத்து என்பதற்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை. வேலை அறைக் கதவைத் திறக்கவே இல்லை. நானும் அப்படித்தான் இருக்கிறேன் துன்யா. மாத்திரை கொடுக்கிறேன், சூப் வைக்கிறேன், கீழ்வீட்டு லியெர்கா முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிக் கொண்டுவந்த சர்மாவைச் சூடு பண்ணுகிறேன். மலைக்காற்று ஒருநாள் பால்கனியில் இருந்த ரோஸ்மேரித் தொட்டியைத் தள்ளி உடைத்துவிட்டது, அந்த மண்ணைத் தாண்டித் தாண்டித்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை.

போன வாரம் வெத்ரான் வந்தான். அம்மாவோடு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன், படிக்கட்டில் ஏறும்போதே சத்தம் போடுவானே, அவன்தான். கோட்டுக்குள்ளே ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, ஸ்டுடியோவுக்குப் புதுசா வந்த கிராபிக்ஸ் கார்டு, ஈஸ்டர் வரைக்கும் நெவென்கா அக்காவுக்குன்னு கேட்டு வாங்கிட்டேன். அக்கா படத்துல கடைசிக் காட்சி ஒண்ணுதானே பாக்கி? முடிச்சிடலாம்" என்றான். துறைமுகத்தை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழட்டுப் படகைப் பற்றி அம்மா மூன்று வருஷமாக வீட்டிலேயே தனியாக வரைந்துவந்த படம், உனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் படகு கிளம்ப வேண்டும். அதற்குள் இவளுக்கு இப்படி ஆகிவிட்டது.

அம்மா படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாங்கள் இருவரும் வேலை அறைக்குள் போனோம். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பழைய கார்டை வெளியே எடுத்தபோது எனக்கு அது ஒரு செங்கல் மாதிரி இருந்தது, மூன்று விசிறி, ஓரத்தில் சிவப்பு விளக்கு, விளையாட்டுப் பையன்களுக்காகச் செய்தது, அந்தக் காலத்தில் அம்மா ஆசையாக வாங்கியது. புதியது மெலிசு, கறுப்பு, ஒரே விசிறி, அலுவலகச் சாமான் போல ஒரு அலங்காரமும் இல்லை. புதியதைவிடப் பழையது பெரிசாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "பெரிசா இருந்து என்னண்ணே, பழசுக்குக் கை வேகம், மேசை, அதான் மெமரி, சின்னது. கேம் ஆட வெச்சா இன்னைக்கும் புதுசுக்கு ரொம்பப் பின்தங்காது. ஆனா ஒரு காட்சியோட சாமான் மொத்தமும் அந்த மேசைல கொள்ளணும், கொள்ளலேன்னா வேலையே செய்யாது. புதுசுக்கு மேசை ஆறு மடங்கு. கணக்குல பிசகு வந்தா அதுவே திருத்திக்கும், கரண்டும் கம்மி" என்றான். கிரேன் ஓட்டிய எனக்கு இது புரியாமல் இல்லை, தூக்கும் வேகம் வேறு, தாங்கும் எடை வேறு.

அம்மா விட்டுவைத்திருந்த கடைசிக் காட்சியை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தோம். பழையது காட்சியின் ஒரு ஒற்றைப் படத்தை முடிக்கும் நேரத்தில் புதியது இரண்டை முடித்தது, மற்றபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை, அதே படகு, பின்னால் அதே மூடுபனி. வெத்ரானுக்கு அது போதவில்லை. மூடுபனிக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஊரை அம்மா முழுதாக, மலை மேல் வீடு வீடாக, ஜன்னல் ஜன்னலாகச் செய்து தனியே வைத்திருந்தாள். மூடுபனியை எடுத்துவிட்டு அந்த ஊரை உள்ளே போட்டான். பழையதில் நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. புதியதில் மொத்த ஊரும் விளக்கோடு எழுந்து நின்றது. நம் வீட்டுப் பால்கனிகூடத் தெரிந்தது. வெத்ரான் கைதட்டினான். எனக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான், உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

கைத்தட்டலுக்கு எழுந்து வந்தாளோ என்னவோ, திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாய் ஒரு பக்கம் கோணினாலும் ஒவ்வொரு சொல்லாக, "எவன்டா என் மூடுபனியை எடுத்தது?" என்றாள். வெத்ரான் பயந்துபோய், "அக்கா, கார்டுல இடம் பத்தலேன்னுதானே மூடுபனி போட்டீங்க? இப்பதான் இடம் இருக்கே" என்றான். "இடம் பத்தலேன்னுதான் போட்டேன். போட்டப்புறம்தான் புரிஞ்சுது. ஊர் தெரிஞ்சா படகு போகாதுடா, கழுதை." இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, "அப்ப பழசே போதும், மாட்டிடறேன்" என்றதும் அவள் இடது கையால் அவன் தலையில் தட்டினாள். "எதுல சீக்கிரம் முடியுதோ அதுல போடு. எனக்கு நேரமில்ல."

வெத்ரான் புதியதையே விட்டுவைத்து ஸ்க்ரூடிரைவரைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டான். நான் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவினேன். அழுகை வரும் என்று குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை.

இப்போது தினமும் காலையில் அவள் இடது கையால் மௌஸைப் பிடித்து உட்காருகிறாள். திரையில் ஒரு விளக்கை நகர்த்தி வைக்க அரைநாள் ஆகிறது, தவறினால் என்னைத் திட்டுகிறாள். மூடுபனி திரும்ப வந்துவிட்டது. நேற்று படகு கரையை விட்டு நகர்ந்தது, நான் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, துன்யா எப்ப வருவா என்று கேட்டாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன், எப்போது வருவாய்? லீவு கிடைக்காது, டிக்கெட் விலை என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. நீ வந்தால் எனக்குள் ஏதாவது அசையும் என்று சொல்லிக் கூப்பிடவில்லை, அசையலாம், அசையாமலும் போகலாம். அவள் கேட்டாள், அதனால் கூப்பிடுகிறேன். வா.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கட்டும். ரத்த அழுத்தத்தை மறக்காமல் பார்த்துக்கொள், உன் உடம்பில் ஓடுவதும் அவள் ரத்தம்தான். ஈரக் காலணியோடு வேலைக்குப் போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
திஹோமிர்