மூன்று தீர்மானங்களும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். பதினோரு நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ தங்கியிருக்கும் சிநேகிதர் வீட்டு விலாசத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி இதை அனுப்புகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரி வரை படி.

டிரைவருக்குக் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறார். பிரேக் பிடிக்காத பஸ்ஸைச் சுவரில் சாய்த்து அத்தனை பேரையும் காப்பாற்றிய மனிதர், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

நேற்று என் தலைமையில் நம் பஸ் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. பட்டறைக்கு மேலே அதே அறை, அதே கிரீஸ் வாடை. நீ ஹாரன் என்று பெயர் வைத்தாயே, அந்தத் துணைத்தலைவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தீர்மானத்தை நீட்டிவிட்டார். விபத்து நடந்த அன்று காலை பிரேக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கை, அதாவது உன்னை, வேலையை விட்டு நீக்க வேண்டுமாம். உடனே கணக்காளர் எழுந்து, நீக்கம் வேண்டாம், மூன்று மாத இடைநீக்கம் என்று மாற்றுங்கள் என்று திருத்தம் கொடுத்தார். ஸ்டோர் மாமா, பிரேக்கைக் கழற்றிச் சோதிப்பவர்களின் அறிக்கை வரும்வரை எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள் என்றார். ஆளாளுக்குக் கத்தினார்கள். மேசையைத் தட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்துவிட்டது.

எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. நம் ஷெட்டுக்கு ஒரே வாசல். கடைசியாக உள்ளே போன வண்டி நகர்ந்தால்தான் முதலில் போனது வெளியே வரும். இதுவும் அப்படித்தான். முதலில் ஒத்திவைப்பு, அப்புறம் திருத்தம், கடைசியில் நீக்கம்.

அதற்கு முன் ஒன்று சொன்னேன். வாக்குகள் சமமானால் தலைவர் என்ற முறையில் எனக்கு ஒரு வாக்கு உண்டு. நான் அவனுடைய அக்கா, அதனால் போட மாட்டேன் என்றேன். டிக்கெட் கவுண்டர் சார்பில் குழுவில் இருக்கும் டிரைவரின் மனைவியும் விலகியிருப்பதுதான் முறை என்றேன். ஹாரன் விடவில்லை. பாதிக்கப்பட்டவள் வாயை அடைக்கிறீர்களா என்று குதித்தார். அவள் கை தன் பக்கம்தான் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திவைப்பு மூன்றுக்கு மூன்று. சமம் என்றால் தோல்வி. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். திருத்தமும் மூன்றுக்கு மூன்று. நீக்கினால்தான் ஆயிற்று என்று ஹாரனும் அவருடைய இரண்டு ஆட்களும் இடைநீக்கத்தையும் தோற்கடித்தார்கள். இரண்டிலும் டிரைவரின் மனைவி மாமா பக்கம் நின்றாள். ஆனால் மிச்சமிருந்தது நீக்கம் மட்டும். அதையும் விட்டால் உனக்குத் தண்டனையே இல்லை. புருஷன் கால் உடைந்து ஊன்றுகோலோடு நடக்கும்போது ஒருத்தி அதற்குச் சம்மதிப்பாளா? அந்தத் தீர்மானத்தை வாசித்தேன்.

ஆதரவாக மூன்று கை. எதிராக மாமா, கணக்காளர். கடைசியாக அவள். நீக்கமும் தோற்றது. அவள் விலகியிருந்தால் மூன்றுக்கு இரண்டில் உன் வேலை போயிருக்கும். ஹாரன் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. படி இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, என்ன நடந்துச்சுன்னு தெரியாம ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரல. ஆனா அன்னிக்கு உங்க தம்பி வண்டிக்கு அடியில போய்ப் பாத்தாரா இல்லையா? அத மட்டும் அவரு வாயால சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

கையை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கினேன். பதிவேட்டில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் காலை ஆறேகால் என்று எழுதியிருக்கிறாய். ஏழு மணிக்கு உன்னை என் வீட்டில் தட்டி எழுப்பியது நான். ஏழரைக்கு வண்டி கிளம்பிவிட்டது. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாக்குப் போடாமல் நியாயமாக நடந்துகொண்டேன் என்று மாமா பாராட்டியபோது எனக்கு உடம்பே கூசியது.

அடுத்த கூட்டம் ஐந்தாம் தேதி. அன்று நான் தலைவர் நாற்காலியில் உட்காரப் போவதில்லை. ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மெக்கானிக்கை நேரில் அழைத்து, அன்று காலை நடந்ததைக் கேட்க வேண்டும். முன்மொழிவது நான். வழிமொழிவது டிரைவரின் மனைவி. நான் பேச எழுந்தால் ஏழு மணியைச் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

அதற்குள் வந்துவிடு. என்ன தண்டனை வந்தாலும் பக்கத்தில் நிற்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. நீ பேசுவதற்கு முன்னால் என்னைப் பேச வைத்துவிடாதே, கண்ணா.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா